ஃபெயில் போட்டால் பின்னம் வந்துவிடுமா?

சென்ற தீபாவளி லீவில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முதல் செமஸ்டர் கணக்குத் தாள், பிள்ளைகள் வாயில் ‘எம்-ஒன்’, அவனுக்கு இன்னும் அரியராக நிற்கிறது. நோட்டைப் பிரித்து ஒரு தொகையிடல் கணக்கைப் போடச் சொன்னேன். எக்ஸ், அதன் அடுக்கு அரை. சூத்திரம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்: அடுக்கோடு ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணால் வகு. கூட்டினான். 1/2 + 1 = 2/2 என்று எழுதினான். அடுத்த வரியில் 2/2ஐ அடித்து 1 ஆக்கினான். விடை எக்ஸ் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டான்.

“டேய், அரையும் ஒண்ணும் எவ்வளவுடா?”

“ஒன்றரை சார்.” கேட்ட மாத்திரத்தில் வந்தது பதில். சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார்: “எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போட்டா இப்படித்தான் சார் ஆகும். அந்தக் காலத்து மாதிரி அஞ்சுல நாலு பேரு, எட்டுல நாலு பேருன்னு ஃபெயில் போடச் சொல்லுங்க. கணக்கு தானா வரும்.”

அவர் மட்டும் சொல்வதில்லை இதை. டீக்கடை, வாட்ஸ்அப், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம், ஏன், எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இதே பேச்சுதான். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்றபோது இந்தக் குரல் இன்னும் கூடியது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 8 வரை நிறுத்திவைப்பு இல்லை என்பதிலேயே நின்றது. ஆகவே இங்கே எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றாலும் பழி போய் விழுகிற முகவரி ஒன்றுதான்: ஆல் பாஸ். பி.டி. ஆசிரியராக 11 ஆண்டு, பி.ஜி.யாக 14 ஆண்டு கணக்கு எடுத்தவன் நான். அதில் பாதி நாளுக்கு மேல் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

‘ஆல் பாஸ் வந்த பிறகுதான் கணக்கு கெட்டது’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கத் தடை போட்ட கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ‘பீசா’ தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டது ஏறத்தாழ அதே சமயத்தில். முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கலந்துகொண்ட 74 இடங்களில் கடைசி வரிசையில் நாமும் இமாச்சலமும் கிர்கிஸ்தானும் உட்கார்ந்திருந்தோம். கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி 351. பணக்கார நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி இருந்தது. அந்தத் தேர்வை எழுதிய நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிறகுதான் சட்டமே வந்தது. ‘அதற்கு முன்பும் சின்ன வகுப்புகளில் கண்டும் காணாமல் மேலே அனுப்புவார்களே’ என்று கேட்கலாம். அனுப்பினார்கள்தான். அப்படியானால் வியாதி சட்டத்துக்கு முந்தியது என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே.

அடுத்தது பயம். ‘ஃபெயில் ஆவோம்னு பயம் இருந்தாத்தான் படிப்பான்.’ இது பொதுப்புத்திக்கு மிகவும் ஒத்துப்போவதால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எட்டு வரைதான் ஃபெயில் இல்லை. 10இல் இருக்கிறது, 12இல் இருக்கிறது. அப்படியானால் எட்டில் கணக்குத் தெரியாதவர்கள் பொதுத்தேர்வுப் பயத்தில் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கிராமப்புறக் குழந்தைகளை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ‘ஏசர்’ அறிக்கையைப் பாருங்கள். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது, அதாவது நாலாம் வகுப்புக் கணக்கு, அகில இந்திய அளவில் எட்டாம் வகுப்பில் 2018இல் 44.1 விழுக்காட்டினருக்கு வந்தது. 2024இல் 45.8. 2023இல் இதே அமைப்பு 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை 28 மாவட்டங்களில் தனியாகச் சோதித்தது. அதே வகுத்தல் கணக்கு 43.3 விழுக்காட்டினருக்கு வந்தது. இரண்டும் வேறு வேறு மாதிரிகள், தசமப் புள்ளி வரை ஒப்பிடக் கூடாது. ஆனால் இடையில் பலருக்கு ஒரு பொதுத்தேர்வு, சிலருக்கு இரண்டு, வந்துபோயும் நிலைமை நகர்ந்ததாகத் தெரியவில்லை. பயம் கண்டிப்பாக இருந்தது. பயத்தால் வகுத்தலைக் கற்பிக்க முடியவில்லை.

இன்னொன்று. ஐந்திலும் எட்டிலும் வாசலில் காவல் போடுகிறோம் என்கிறார்கள். திருட்டு நடப்பது அதற்கு முன்னாலேயே. 2024 ஏசரில் மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 33.7 விழுக்காடு. மூன்றில் இரண்டு பேருக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. அந்தக் குழந்தையை மூன்று, நான்கு, ஐந்து என்று கூட்டிப்போய், ஐந்தின் கடைசியில் வைத்து ‘உனக்கு வரவில்லை, இங்கேயே இரு’ என்பதை வைத்தியம் என்று சொல்வது எப்படி?

நிறுத்திவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில் உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு முடிவில் ஹெச்.எம். கூப்பிட்டு, “அடுத்த வருஷம் பத்தாவது ரிசல்ட் அடி வாங்கிடக் கூடாது, பாத்துப் போடுங்க” என்பார். அர்த்தம் எங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் என் கையெழுத்தில் நான்கு பேர் நின்றார்கள். ஒருவன் ஜூனில் வரவே இல்லை, பேக்கரிக்குப் போய்விட்டான். ஒரு பெண்ணுக்கு வீட்டில் வந்து டி.சி. வாங்கிக்கொண்டார்கள். மற்றொருவன் ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தான். நான்காமவன் மட்டும் முழு வருடமும் வந்தான். தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு, கடைசி பெஞ்சில், தலையைக் குனிந்துகொண்டு.

ஜூலையில் மெய்யெண்கள் பாடம். 2/3ஐத் தசமமாக மாற்ற வேண்டும். போன வருடம் எந்த வரியில் பேனாவை மூடி வைத்தானோ அதே வரியில் மூடி வைத்தான். அருகில் போய் என்னடா என்றேன். “சின்ன நம்பரைப் பெரிய நம்பரால எப்படி சார் வகுக்கிறது?” என்றான்.

நல்ல கேள்வி. ஐந்தாம் வகுப்பில் யாராவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தோசையை மூன்று பேருக்குப் பிரித்துக் காட்டிப் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. போன வருடம் நான் சொல்லவில்லை, போர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடமும் போர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகம் அதே, வாத்தியார் அதே, வேகமும் அதே. அவனிடமிருந்து ஒரு வருடம் மட்டும் போனது.

இதை எண்ணாகவும் பார்க்கலாம். டெல்லி அரசுப் பள்ளி மாணவர்களிடம் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஜாந்த்ரோ கனிமியன் மூவரும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாலரை வகுப்பு. வகுப்பு ஏற ஏற இடைவெளியும் ஏறுகிறது. ஒரு வருடம் நிறுத்திவைப்பது இதில் எந்த மூலைக்கு? கணக்குப்படி நியாயம் செய்வதென்றால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கூட அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

சரி, ஃபெயிலை விடுங்கள், ‘கேள்வித்தாளைக் கஷ்டமாக்குங்க, தரம் தானா ஏறும்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. சென்டம் எண்ணிக்கை குறைந்தால் சந்தோஷப்படுகிற கட்சி. பத்தாம் வகுப்புக் கணக்கில் 2024இல் 100க்கு 100 வாங்கியவர்கள் 20,691 பேர். 2025இல் 1,996 பேர். ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகம். ஒரு வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மூளை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டதா? அதே 2025இல் மொத்தத் தேர்ச்சி 91.55இலிருந்து 93.80 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. உச்சியில் தாள் கடித்தது, அடியில் கடிக்கவில்லை. சென்டம் கூடினாலும் குறைந்தாலும் அது தாள் எடுத்தவரின் அன்றைய மனநிலையைச் சொல்லும். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது.

அடியில் ஏன் கடிக்கவில்லை என்பது எங்கள் தொழில் ரகசியம். சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல், ஒன்று கிராஃப். பாஸ் மார்க் 35. ‘மெல்லக் கற்போர்’ என்று நாங்கள் பட்டியல் போட்டிருக்கும் பிள்ளைகளை ஜனவரியில் தனியாக உட்கார வைப்போம். ஒத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, கிராஃபில் புள்ளி வைத்துச் சேர்ப்பது என்று தினமும் வரைய வைப்போம். காம்பஸ் எங்கே குத்த வேண்டும் என்று கை பழகும். அதில் 16 அள்ளலாம். புக்-பேக் ஒன் வேர்டை எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்தால் பத்து மார்க்காவது தேறும். மிச்சத்துக்கு நாலைந்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், அவற்றிலும் சூத்திரம் எழுதினால் படிக்கு ஒரு மார்க். 35 வந்துவிடும். இதில் ஒரு இடத்தில்கூட 1/2 + 1 எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. என்னிடம் படித்தவர்களில் இப்படிக் கரையேறியவர்கள் ஏராளம், அதற்காக எனக்குக் கைதட்டலும் கிடைத்திருக்கிறது. வெட்கம் இல்லாமல் சொல்வதென்றால், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு அது உதவிதான். பத்தில் ஃபெயில் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு ஐ.டி.ஐ.யில்கூடப் பல பிரிவுகளில் சேர முடியாது. ஆனால் தாளைக் கடினமாக்கினால் நாங்கள் காம்பஸ் குத்தும் இடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுப்போம், அவ்வளவே.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு விஷயத்தில் எதிர்க்கட்சிக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கத்தான் வேண்டும். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருட்டிக்கொண்டிருந்தன. வரம்பும் வகையிடலும் தொகையிடலின் தொடக்கமும் உள்ள வகுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டு, கல்லூரியில் போய்த் திருதிருவென்று விழித்தார்கள் பிள்ளைகள். 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததும் அந்தக் கூத்து பெருமளவு நின்றது. 2025–26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வழக்கம் திரும்புமோ என்ற கவலை எனக்கும் உண்டு. ஆக, தேர்வால் ஒன்று முடியும்: ஒரு பாடத்தை வகுப்பில் நடத்த வைக்க முடியும். நடத்தியது உள்ளே போனதா என்பது வேறு. என்னைப் பார்க்க வந்த இந்தப் பையன் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதியவன்தான். தொகையிடல் சூத்திரம் அவனுக்குத் தெரிந்திருந்தது அந்தத் தேர்வின் புண்ணியம். பின்னம் தெரியாதது அதைவிட ஏழு வருடம் பழைய கடன்.

கல்லூரிக்குத் தயார் என்று நாம் சொல்வதே கட்-ஆஃபைத்தான். பொறியியல் சேர்க்கையில் 200க்குக் கணக்கு மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து மிச்ச 100. இடம் ஒதுக்க அது போதும். முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும் வரும்போது, வாத்தியார் கரும்பலகையில் இரண்டு படியை ஒரே வரியில் எழுதிப் போய்விடுவார். அந்த இரண்டு படிக்கும் நடுவில் இருப்பது பின்னக் கூட்டல், குறி மாற்றம், காரணிப்படுத்தல். எல்லாம் ஆறு முதல் ஒன்பதுக்குள் வந்திருக்க வேண்டியவை. கல்லூரி ஆசிரியர் பிளஸ் டூவைக் குறை சொல்வார், பிளஸ் டூக்காரர் ஒன்பதை, ஒன்பதுக்காரர் நடுநிலைப் பள்ளியை, அவர் தொடக்கப் பள்ளியை. தொடக்கப் பள்ளி ஆசிரியை அங்கன்வாடியைக் குறை சொல்லாமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை.

இந்த இடத்தில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘எல்லாருக்கும் கணக்கு வராது சார், அது பிறவியிலேயே இருக்கணும்’ என்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்கிற அம்மாவுக்கு ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் உண்டு. சாயங்காலம் அவள்தான் முழம் போடுகிறாள். முழம் முப்பது ரூபாய் என்றால் இரண்டரை முழத்துக்கு எழுபத்தைந்து என்று நூலை அறுக்கும்போதே சொல்லிவிடுவாள். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி இருபத்தைந்து, நாம் பர்ஸை மூடுவதற்குள் கையில் இருக்கும். அவளிடம் ஒருநாள் தாளில் 2 1/2 × 30 என்று எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் யோசித்து, “இது இன்னும் நடத்தலை சார்” என்றாள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சிறுவர்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்து 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்வதும் இதுவே: சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள், அதே கணக்கு புத்தக வடிவில் வந்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பிறவிக் குறை எங்கே இருக்கிறது இதில்? அரை, கால், முக்கால் என்று புழங்கிய மண் இது. அரைக்கால், மாகாணி என்று கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்னத்தை, திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வைத்துச் சொல்லிக்கொடுத்த ஊர். (அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அந்தத் திண்ணையில் யார் யாருக்கு இடமில்லை என்பது நமக்குத் தெரியும்.) பிள்ளையின் வாயில் இருக்கும் ஒன்றரையும் தாளில் இருக்கும் 3/2ம் ஒரே ஆள்தான் என்று யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

‘அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க, அப்படியே தூக்கி விட்டுக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?’ இல்லை. கற்பிக்காமல் தூக்கிவிடுவதும் கற்பிக்காமல் நிறுத்திவைப்பதும் ஒன்றேதான் என்கிறேன். கற்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் ஏற்பட்டிருந்த இழப்பு, மொழியில் ஏற்பட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களின் மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு குழந்தையையும் யாரும் ஃபெயில் போடவில்லை. தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஒரு அக்கா தினமும் ஒன்றரை மணி நேரம் வரை உட்கார்ந்தாள், அந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லையோ அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும், 2025–26இல் ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ என்று வந்திருப்பதும் இதே யோசனைதான். யோசனையில் எனக்குச் சண்டை இல்லை, நடைமுறையில் உண்டு. நிலைவாரிப் பாடமும் நடத்து, போர்ஷனையும் முடி, மதிப்பெண்ணை அரசின் ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்று என்றால் ஆசிரியர் எதைக் கைவிடுவார் என்று சொல்லத் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்று இயலைத் தைரியமாக வெட்டி, அந்த நாளைப் பின்னத்துக்கும் குறை எண்ணுக்கும் கொடுக்க யாராவது கையெழுத்துப் போட வேண்டும். பிளஸ் ஒன்னில் முதல் மூன்று வாரமும், கல்லூரியில் முதல் மாதமும் அப்படியே. ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்ற பெயரில் இப்போது நடப்பது பெரும்பாலும் வரவேற்பு விழாவும் மூன்று நாள் ஸ்லைடும்.

அந்தப் பையன் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். முதல் நாள் தொகையிடலை மூடி வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளைக் கிழித்து மடித்தோம். முழுத் தாள் ஒன்று, மடித்த பாதி ஒன்று. முழுத் தாளையும் பாதியாக மடித்து எத்தனை பாதி என்று எண்ணச் சொன்னேன். மூன்று என்றான். மூன்று பாதி, 3/2, ஒன்றரை. “இது மூணும் ஒண்ணா சார்?” என்று கேட்டான், வயது பத்தொன்பது. அந்தக் கணக்கை மறுபடி போட அவனுக்கு இரண்டு நிமிடம் ஆனது. ஏப்ரலில் எம்-ஒன் திரும்ப எழுதுகிறான். போன வாரம் வரை பின்ன வகுத்தல் முடித்திருக்கிறோம். குறை எண் அடுக்கு இந்த வாரம்.